படகு மோட்டார் பாதி வழியில் நிற்கிறதா? புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னைக்குத் தெற்கே கோவளம் உப்பங்கழியில் தூண்டில் போடவும் நண்டு பிடிக்கவும் சிறு ஃபைபர் படகில் 12 வோல்ட் மின்மோட்டார் மாட்டிக்கொண்டு போகிறவர்களின் மோட்டாரும் பேட்டரியும் என் மேசைக்கு வருகின்றன. வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, பேட்டரி போய்விட்டது. எது வாங்கலாம்?" பலருக்கு பேட்டரி போயிருக்காது. போயிருந்தாலும், ஏன் போனது என்று பார்க்காமல் அதே வகையை மறுபடி வாங்கினால் அடுத்த பருவத்தில் அதே கதிதான். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கொடுத்து ஒருவர் தவறான பேட்டரியைச் சுமந்துகொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் நான் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் படகில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கையில் ஒரு மல்ட்டிமீட்டர் போதும். டி.சி. ஆம்பியரும் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மிக நல்லது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பல ஏ.சி. மட்டுமே காட்டும். திரவ ஆசிட் பேட்டரியாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் ஒன்று வேண்டும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனர் இரு முனைகளையும் தொட்டுவிட்டால் அது பழுத்துவிடும், உங்கள் விரலோடு சேர்த்து.

அறிகுறி 1: சுவிட்சைத் திருப்பினால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் ஃபியூஸ் அல்லது பிரேக்கர். அடுத்து, மோட்டார் ஒயரின் பிளக். அடுத்து, பேட்டரி முனையில் மாட்டிய கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுதான் கோளாறு. முதலைவாய்க் கிளிப் மாட்டியிருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒயர் நுனிக்கு லக் (துளையுள்ள உலோக முனை) வைத்து போல்ட் போட்டு முறுக்குங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் மீட்டரை பேட்டரியின் முனைகளிலேயே வையுங்கள்.

• 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால்: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை ஃபியூஸுக்கு முன், ஃபியூஸுக்குப் பின், பிளக்குக்கு முன், பிளக்குக்குப் பின் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் வோல்ட் காணாமல் போகிறதோ அந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் அறுந்திருக்கிறது. மோட்டார் தலை (கைப்பிடியும் சுவிட்சும் உள்ள மேல்பகுதி) வரை வோல்ட் முழுசாக வந்தால், மீட்டரின் இரு முனைகளையும் அங்கேயே வைத்துப் பாருங்கள். இப்போது வோல்ட் காட்டாவிட்டால் நெகட்டிவ் ஒயர்தான் அறுந்திருக்கிறது.

• 10.5 வோல்ட் அளவில் நின்று, இரவு முழுக்க சார்ஜ் போட்டும் அதற்கு மேல் ஏறாவிட்டால்: ஈய ஆசிட் பேட்டரியின் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்க முடியாது.

• பூஜ்யமோ ஓரிரு வோல்ட்டோ காட்டினால், அதுவும் லித்தியம் பேட்டரியாக இருந்தால்: அறிகுறி 4-க்குப் போங்கள்.

மோட்டார் தலைக்கு 12 வோல்ட் வந்தும் சுழலவில்லை என்றால் அது கார்பன் பிரஷ்ஷோ உள்ளே புகுந்த நீரோ ஆக இருக்கலாம். மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கீழ்ப்பகுதியை வீட்டில் பிரித்தால் நீர் புகாமல் காக்கும் சீல் பழையபடி உட்காருவது கடினம்.

அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை

மோட்டாரைத் தூக்கி விசிறியைக் கழற்றுங்கள். முன்னால் பார்ப்பது போதாது, கழற்றியே ஆக வேண்டும். தூண்டில் நரம்பு விசிறிக்குப் பின்னால் தண்டைச் சுற்றி இறுகிக் கிடக்கும், வெளியிலிருந்து தெரியாது. அது மோட்டாரை இழுத்துப் பிடிப்பதோடு சீலையும் அறுத்து, பிறகு நீரையும் உள்ளே விடும். ஏரியில் ஓட்டுபவர்களுக்கு ஆகாயத்தாமரை வேர் இதே வேலையைச் செய்யும். பத்துப் பயணத்துக்கு ஒரு முறை விசிறியைக் கழற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விசிறி சுத்தமாக இருந்தால் அடுத்த சோதனை. படகைக் கரையில் கட்டி, மோட்டாரை நீரில் இறக்கி, முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஓடும்போதே இரண்டு இடங்களில் வோல்ட் பாருங்கள்: பேட்டரி முனையில் ஒன்று, மோட்டார் தலையில் ஒன்று.

பேட்டரியில் 12-க்கு அருகில் இருந்து, மோட்டாரில் 10.5 மட்டும் வருகிறதென்றால் நடுவில் ஒயர் தின்கிறது. நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பேட்டரியைப் படகின் முன்பக்கம் வைத்தால் எடை சமமாக இருக்கும் என்பதற்காக மூன்று மீட்டர் ஒயரை நீட்டியிருப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் போட்டது வீட்டு ஒயரிங்குக்கான 2.5 ஸ்கொயர் எம்.எம். ஆக இருக்கும். 55 பவுண்டு மோட்டார் (பவுண்டு என்பது அதன் தள்ளுவிசை) முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். போக மூன்று, வர மூன்று என ஆறு மீட்டர் செம்பில் அந்த 50 ஆம்பியர் ஓடினால் 2.5 ஒயரில் 2.2 வோல்ட் தொலையும். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.9 வோல்ட். 16 போட்டால் 0.35 வோல்ட்தான். 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட் போவது ஆறில் ஒரு பங்கைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். மூன்று மீட்டருக்கு 16-க்குக் குறைந்து நான் போடுவதில்லை. உப்புக் காற்றில் ஓட்டுபவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப்போகும்.

ஒயர் தடிமனாக இருந்தும் வோல்ட் இறங்கினால் இணைப்புகள்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தூணிலும் மறு முனையை அதில் மாட்டிய லக்கிலும் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 0.2 வோல்ட் காட்டினாலே அங்கே அழுக்கு இருக்கிறது. கழற்றி, வெள்ளையும் பச்சையுமாகப் படிந்த பூவைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். சோடா நீர் பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது.

பேட்டரி முனையிலேயே 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது, அல்லது அந்த வேலைக்குப் போதாது. அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

அறிகுறி 3: நன்றாகக் கிளம்புகிறது, திரும்பி வரும்போது படுத்துவிடுகிறது

பேட்டரித் தேர்வின் முழு விஷயமும் இந்த அறிகுறிக்குள்தான் இருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள்.

முதல் காரணம், முழுதாக சார்ஜ் ஏறாதது. இதற்குச் செலவே இல்லை. 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஈய ஆசிட் பேட்டரியைப் பாதி வரை தீர்த்துவிட்டு 10 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஏறாது. கடைசி ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஏறும், எட்டு மணி நேரமாவது வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்து நான்கு மணி நேரம் சும்மா வைத்தபின் அளந்து பாருங்கள். 12.7 இருந்தால் முழுசு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 13-க்கு மேல் காட்டும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

இரண்டாவது, கார் பேட்டரி. "வீட்டில் சும்மா கிடந்தது" என்று கொண்டுவருவார்கள். கார் பேட்டரி சில நொடிகளில் பெரும் மின்சாரத்தைக் கொடுத்து இன்ஜினைக் கிளப்புவதற்கானது. அதன் தகடுகள் மெல்லியவை. அதை நாள்தோறும் அடி வரை தீர்த்தால் சில வாரங்களிலேயே தகட்டிலிருக்கும் பொடி உதிர்ந்து அடியில் தங்கிவிடும். நல்ல பேட்டரியை வீணாக்கியதுதான் மிச்சம். காருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பேட்டரி வயதாகிக் கொள்ளளவு சுருங்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். முழுதாக சார்ஜ் ஏறிய 100 ஏ.எச். பேட்டரியில் அதை மாட்டி, சரியாகப் பத்து மணி நேரம் எரிய விடுங்கள். கழற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அளந்தால் 12.2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 11.9-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி தன் பெயரில் எழுதியிருக்கும் அளவைத் தாங்கவில்லை. பல்பு கொதிக்கும். தகரத் தட்டில் வைத்து, பேட்டரியிலிருந்து தள்ளி வையுங்கள். திரவ பேட்டரியில் இன்னொரு சோதனை, ஹைட்ரோமீட்டர். முழு சார்ஜில் நம் ஊர் பேட்டரிகள் 1.240 முதல் 1.260 வரை காட்டும். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்த ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான்காவது, பேட்டரி நன்றாகவே இருக்கிறது, ஆனால் உங்கள் பயணத்துக்குச் சிறியது. அப்போதுதான் புதிது வாங்கும் பேச்சு வர வேண்டும்.

கணக்கைத் திரும்பி வரும் வழியிலிருந்து தொடங்குங்கள். காலையில் காற்றில்லாமல் உள்ளே போவது சுலபம். நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்துவிடும். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் ஏற்ற நீர் வேறு எதிர்த்து வரும். கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தால், 55 பவுண்டு மோட்டார் நடுத்தர வேகத்தில் 20 ஆம்பியரை ஒட்டியும், காற்றை எதிர்க்கும்போது 40-ஐத் தொட்டும் காட்டும். போக முக்கால் மணி நேரம் 20 ஆம்பியரில் என்றால் 15 ஏ.எச். வர முக்கால் மணி நேரம் 40 ஆம்பியரில் என்றால் 30. மொத்தம் 45 ஏ.எச்.

இனி, எந்த வகை?

ஈய ஆசிட் என்றால் பாதிக்கு மேல் தீர்க்கக் கூடாது, ஆகவே 90. லேபிளில் உள்ள எண் இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அதைத்தான் சி20 என்று போடுகிறார்கள். 40 ஆம்பியரில் உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. அதற்கும் சேர்த்து 120 ஏ.எச். வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி ஆழமாகத் தீர்ப்பதைத் தாங்கும். ஆனால் 150 ஏ.எச். ஒன்று ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும், உயரமாக நிற்கும், படகு சாய்ந்தால் மூடி வழியே ஆசிட் கசியும். நான் ஒல்லியான படகுகளுக்கு அதைச் சொல்வதில்லை. மின் ரிக்‌ஷாவுக்கென்று விற்கும் பேட்டரி இதைவிடப் பொருந்தும். நாள் முழுக்க மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துத் தீர்ந்து, இரவில் ஏறுவதற்கென்றே செய்தது அது. எந்த ஊரிலும் கிடைக்கும். அதன் லேபிளில் ஏ.எச். எண்ணுக்குப் பக்கத்தில் சி5 (ஐந்து மணி நேரக் கணக்கு), சி20 எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே எண்ணாக இருந்தால் சி5 போட்டதே பெரிய பேட்டரி.

லித்தியம் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மட்டும். 45 ஏ.எச். தேவைக்கு 80 சதவீதக் கணக்கில் 56 வரும், பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி 80 அல்லது 100 ஏ.எச். வாங்கலாம். 100 ஏ.எச். எடை 11 முதல் 13 கிலோ. தனி ஆளாகப் படகைத் தள்ளி இறக்குகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். விலை அதிகம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று நான்கு முறை போகிறவருக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் செலவு ஈடாகிவிடும். மாதத்துக்கு ஒரு முறை போகிறவர் ஈய ஆசிட்டே வாங்கட்டும்.

லித்தியம் வாங்கும்போது ஏ.எச்.-ஐ மட்டும் பார்த்துவிட்டு ஒன்றை மறக்கிறார்கள். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். காவல் பலகை தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்பதே அது. 50 ஆம்பியர் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். பத்தாது. 100 கேளுங்கள். இதைத் தவறவிட்டவர்தான் அடுத்த அறிகுறியோடு வருவார்.

அறிகுறி 4: லித்தியம் பேட்டரி, திடீரென்று செத்தது போல் நின்று, சற்று நேரத்தில் தானாக உயிர் வருகிறது

ஈய ஆசிட் மெதுவாகச் சோர்ந்து நிற்கும். லித்தியம் விளக்கை அணைத்தது போல் நிற்கும். அப்படி நின்றால் பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது. எந்த நேரத்தில் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

முழு வேகத்துக்குத் திருப்பிய நொடியில் நின்றால், ஆம்பியர் எல்லை. விசிறியில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இழுவையை ஏற்றிவிடும். இல்லையென்றால் பி.எம்.எஸ். சிறியது. அதை மாற்றும் வரை முக்கால் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டலாம்.

நடுப்பகல் வெயிலில் நின்றால், வெப்பம். கறுப்புப் பெட்டிக்குள் மூடிவைத்து சித்திரை வெயிலில் விட்டால் உள்ளே வெப்பம் எங்கோ போகும், பல பி.எம்.எஸ். 60 அல்லது 65 டிகிரியில் துண்டித்துவிடும். நிழலுக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியின் மேல் ஈரச் சாக்குப் போடுவது நல்ல வழி. மின்முனைகளில் மட்டும் நீர் படக் கூடாது.

நீண்ட பயணத்தின் முடிவில் நின்றால், தீர்ந்துவிட்டது. இணைப்பைக் கழற்றி சில நிமிடம் விடுங்கள். வராவிட்டால் லித்தியத்துக்கென உள்ள சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும்.

சார்ஜர் மாட்டியும் விழிக்கவில்லை, அல்லது பேட்டரி உடல் உப்பியிருக்கிறது, அல்லது உள்ளே உப்புநீர் போனதாகச் சந்தேகம் என்றால் அதோடு நிறுத்துங்கள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல், எரியும் பொருள் அருகில் இல்லாத வெளியிடத்தில் வைத்துவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். பி.எம்.எஸ்.-ஐத் தாண்டி நேராக ஒயர் இழுத்துக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 5: கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்களில் இல்லை

ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் திருப்பும் சுவிட்ச் உள்ள மோட்டாரா? அப்படியென்றால் வேகத்தைக் குறைக்கும் காயில் எரிந்துவிட்டது. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காயில் மாற்றுவது மோட்டார் பழுது பார்ப்பவருக்குச் சின்ன வேலை. ஆனால் இவ்வகை மோட்டார் குறைந்த வேகத்திலும் மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கும் என்பதை பேட்டரிக் கணக்கில் நினைவில் கொள்ளுங்கள். படியில்லாமல் வழுவழுவென்று திரும்பும் கைப்பிடி உள்ள மோட்டாரில் மெதுவாகப் போனால் மின்சாரம் உண்மையாகவே மிஞ்சும்.

அறிகுறி 6: பிரேக்கர் அடிக்கடி விழுகிறது

விசிறி, பிறகு ஒயரின் உறை எங்காவது தேய்ந்து படகின் உலோகத்தில் படுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பிரேக்கரையே பாருங்கள். வீட்டு ஏ.சி. போர்டிலிருந்து எடுத்த எம்.சி.பி. மாட்டியிருந்தால் மாற்றுங்கள். டி.சி. மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் பொறியை அது நம்பகமாக அணைக்காது. 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் டி.சி. பிரேக்கர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். விழுகிறதே என்று பெரிய பிரேக்கர் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

அறிகுறி 7: சார்ஜ் போடும்போது சூடாகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது

சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணையுங்கள். கிளிப்பை உருவாதீர்கள், எழும் பொறி அங்கே தேங்கிய வாயுவைப் பற்றவைக்கும். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆறியபின் நீர் மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால், மூழ்கும் அளவு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழு சார்ஜ் ஏறியபின் குறி வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சார்ஜர் 14.4 வோல்ட்டைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் சார்ஜர்தான் கெட்டிருக்கிறது. சரியான சார்ஜரிலும் அதே நாற்றம் வந்தால் அந்த பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய ஈயத்துக்குப் பணம் உண்டு.

படகு கவிழ்ந்தோ அலை ஏறியோ திரவ பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்திருந்தால் நிலைமை வேறு. உப்பும் ஆசிட்டும் மின்சாரமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். அதைச் சார்ஜில் போடவே கூடாது. திறந்த வெளியில் வைத்துவிட்டு பேட்டரிக் கடைக்காரருக்குச் சொல்லியனுப்புங்கள்.

அறிகுறி 8: புது பேட்டரி, ஒரே பருவத்தில் போய்விட்டது

மழைக்காலத்தில் அதை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ஐப்பசியில் கடைசியாக ஓட்டிவிட்டு, பாதி சார்ஜில் படகுக்குள்ளேயே விட்டு, தை மாதம் எடுத்தால் ஈய ஆசிட் தகடுகளில் வெள்ளைப் படிவு கெட்டியாகியிருக்கும். ஓட்டி வந்த அன்றே முழுதாக ஏற்றி, சும்மா கிடக்கும் காலத்தில் மாதம் ஒரு முறை ஏற்றிவைத்தால் இது வராது. லித்தியத்துக்கு இது நேர்மாறு: நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, பழைய பேட்டரியோடு சேர்த்துக் கட்டினீர்களா? பழையது புதியதை வற்றவைத்துவிடும். இரண்டு சேர்ப்பதென்றால் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகை, ஒரே அளவு. இணையாகக் கட்டும்போது பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அது மட்டும் முதலில் களைக்கும். ஈய ஆசிட்டையும் லித்தியத்தையும் எக்காரணம் கொண்டும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

இந்த இரண்டிலும் தவறு இல்லை என்றால் பில்லையும் கியாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போகுமுன் முழுதாக ஏற்றி, பல்புச் சோதனை செய்து, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஆறு செல்களின் ஹைட்ரோமீட்டர் அளவு, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.